ஆறு மில்லிமீட்டர்: ஆயர் தாவாரிலிருந்து லுமுட்டுக்குப் போய்வரும் ஒருவனின் நாட்குறிப்பு

19 ஆகஸ்ட் 2024, திங்கள்

விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிட்டேன். சித்தியவான் தாண்டும்வரை ரோட்டின் இருபுறமும் செம்பனை. மலேசியாவின் பேராக் மாநிலத்து லுமுட்டில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது கப்பல் கட்டைகளின் மேல் ஏறி நின்றிருந்தது. வயதான ரோந்துக் கப்பல். கடற்படைச் சமாசாரம் என்பதால் பெயரை எழுத மாட்டேன்.

தண்ணீரில் மிதக்கும்போது பார்க்கும் கப்பல் வேறு, வயிறு தெரிய நிற்கும்போது பார்க்கும் கப்பல் வேறு. அடிப்புறமெல்லாம் தெரித்திப் சிப்பி கை தடிமனுக்கு அப்பிக் கிடக்கிறது. பயல்கள் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துக் கழுவினார்கள். கழுவியது காயும்வரை யாரும் அளக்க முடியாது. நான் ஜிங்க் கட்டிகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சுக்கானுக்குப் பக்கத்தில் இருந்த கட்டிகள் பாதிக்கு மேல் கரைந்து, அரித்த சோப்புக் கட்டி மாதிரி இருந்தன. நல்லது, அதன் வேலையே அதுதான். கப்பலைத் தள்ளும் வெண்கல விசிறியும் இரும்பு உடம்பும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் பேட்டரி ஆகிவிடும். இரும்பு அரிபடாமல் இருக்க ஜிங்க் தன்னைக் கொடுக்கிறது. ஆனால் இடப்பக்கம் இரண்டு கட்டிகள் புதுசு கலையாமல் இருந்தன. நகத்தால் சுரண்டினேன். மேலே சாயம். போன தடவை யாரோ கட்டியையும் சேர்த்து அடித்துவிட்டிருக்கிறார்கள். அந்த இடத்துத் தகடு இத்தனை மாதமும் காவல் இல்லாமல் கடலில் ஓடியிருக்கிறது.

21 ஆகஸ்ட், புதன்

தடிமன் அளக்கும் வேலை தொடங்கியது. தகட்டில் சாக்பீஸால் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு புள்ளி. பசை தடவி, முனையை வைத்து, எண்ணைப் படித்து, எழுத வேண்டும். கருவி ஒலியை அனுப்பும். அது தகட்டின் மறுபக்கம் மோதித் திரும்பும் நேரத்தை வைத்து மில்லிமீட்டர் சொல்லும். கட்டியபோது இந்தத் தகடு 6 மில்லிமீட்டர். கால் பங்கு தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்பது இந்த வேலைக்குக் கொடுத்த வரம்பு. அதாவது 4.5க்குக் கீழே ஒரு புள்ளிகூட வரக்கூடாது.

என்னோடு வந்த தம்பி பக்கத்துத் தோட்டத்துப் பையன். டிப்ளோமா முடித்து மூன்று மாதம்தான் ஆகிறது. அவன் படிக்க, நான் எழுத, மதியத்துக்குள் இருநூறு புள்ளி. பெரும்பாலும் 5.5, 5.6. இயந்திர அறைக்குக் கீழே ஒரு இடத்தில் 5.2. "கப்பல் நல்லாத்தான் இருக்கு அண்ணே" என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன். தாளின் கீழே கையெழுத்துப் போட்டேன்.

22 ஆகஸ்ட், வியாழன்

மழை. மணல் அடிக்கும் வேலை நின்றது. இரும்பின் சூடு பனிவிழும் நிலையைவிட, அதாவது காற்றின் ஈரம் துளியாகப் படியும் சூட்டைவிட, 3 டிகிரியாவது கூடுதலாக இருந்தால்தான் சாயம் பிடிக்கும். எங்கள் மஞ்சோங் வட்டார மழையில் அதற்கு வழியில்லை.

25 ஆகஸ்ட், ஞாயிறு

மாலை செய்தியில் மலேசியக் கடற்படைக் கப்பல் கேடி பெண்டேக்கார். ஜொகூர், தஞ்சோங் பென்யுசோப் பக்கம் தண்ணீர் புகுந்து மூழ்கிவிட்டது. 39 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள் என்று கேட்ட பிறகுதான் அப்பா டீவி சத்தத்தைக் குறைத்தார். 1979இல் சேவைக்கு வந்த கப்பல், ஸ்வீடனில் கட்டியது. 45 வருஷம்.

எதனால் தண்ணீர் புகுந்தது என்று இப்போது பேச எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் அந்த வயதுக் கப்பல்கள் எவ்வளவு பாடுபட்டு ஓடுகின்றன என்பது தெரியும். கடற்படை 15 வகைக் கப்பல்களை 5 வகையாகக் குறைக்கத் திட்டம் வைத்திருக்கிறது. ஒவ்வொரு வகைக்கும் தனி உதிரிபாகம், தனிப் பயிற்சி என்றால் தாங்காது. நான் வெல்டிங் கையாளாகச் சேர்ந்த காலத்தில் கெடா வகைக் கப்பல்கள் வந்தன. ஜெர்மன் வடிவமைப்பு, மொத்தம் ஆறு, முதலாவது 2006இல் சேவைக்கு வந்தது, கடைசி 2010இல். அவையே இப்போது பழசாகி வருகின்றன. புதுசு வரும்வரை பழசுதான் காவல் நிற்க வேண்டும்.

இரவு தூக்கம் வரவில்லை. அந்த 5.2 மனதில் நின்றது. சுற்றிலும் பில்ஜ் தண்ணீர், கப்பலின் அடியில் சேரும் கழிவுத் தண்ணீர், தேங்கும் இடம். அங்கே எப்படி 5.2 இருக்கும்?

26 ஆகஸ்ட், திங்கள்

முதல் வேலையாக அந்த இடத்துக்குப் போனேன். சாயத்தை கிரைண்டரால் உள்ளங்கை அகலம் எடுத்து, இரும்பு பளபளவென்று தெரிந்த பிறகு முனையை வைத்தேன்.

4.2.

மறுபடி வைத்தேன். 4.2. ஒரு விரல்கடை தள்ளி, 4.3.

கருவியை எடுத்துப் பார்த்தேன். சாயத்தைக் கழித்துக் காட்டும் முறை போடப்படவில்லை. சாயத்தில் ஒலி இரும்பில் போகிற வேகத்தில் பாதிகூடப் போகாது. அதனால் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான சாயம், கருவியின் கணக்கில் ஒரு மில்லிமீட்டர் இரும்பாகிவிடும். புதன்கிழமை எழுதிய இருநூறு எண்ணும் அப்படித்தான். தம்பி முகம் வெளுத்துவிட்டது. "நான்தான் பார்க்கல அண்ணே." கருவியைத் தினமும், தடிமன் தெரிந்த படிக்கட்டு மாதிரியான இரும்புக் கட்டியில் வைத்துச் சரிபார்க்கிறோம். அந்தக் கட்டியில் சாயம் இல்லையே, அதனால் அது சரியென்றே காட்டியது. அளக்கும் இடத்தில் சாயம் இருக்கிறது என்பதை நினைக்க வேண்டியது இருபது வருஷம் வேலை பார்த்த நான். கையெழுத்தும் என்னுடையது.

எங்கள் மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன். கப்பல் இறங்கத் தேதி குறித்துவிட்டார்கள், மறுபடி அளந்தால் இரண்டு நாள் போகும் என்று கோபப்பட்டார். நான் குரலை உயர்த்தவில்லை. தாளை மேசைமேல் வைத்து, இருநூறு எண்ணுக்கும் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் பெயரும் எழுதினேன். அதன்பிறகு அவரும் ஒன்றும் சொல்லவில்லை. மதியம் கப்பலின் தலைமை இன்ஜினியரிடம் அவரே கூட்டிப் போனார். அந்த மலாய்க்காரர் நான் தேய்த்த இடத்தில் கையை வைத்துத் தடவிப் பார்த்தார். "தெரிமா காசே, பாங்" என்றார், நன்றி அண்ணே என்று. அவ்வளவுதான்.

28 ஆகஸ்ட், புதன்

எல்லாவற்றையும் மறுபடி அளந்து முடித்தோம். வரம்புக்குக் கீழே பதினொரு புள்ளி, எல்லாம் ஒரே பக்கமாக. சிலர் மேலே ஒட்டுத் தகடு போட்டு மூடலாம் என்றார்கள். ஒட்டுக்கும் பழைய தகட்டுக்கும் நடுவில் ஈரம் போனால் யார் கண்ணுக்கும் தெரியாமல் அரிக்கும். வெட்டி எடுத்துப் புதுத் தகடு போடுவது என்று முடிவு.

31 ஆகஸ்ட், சனி

மெர்டேக்கா, சுதந்திர தினம். அப்பாவோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். நடந்ததைச் சொன்னேன். ரப்பர்த் தோட்டத்தில் மண்டோருக்கு, அதாவது மேஸ்திரிக்கு, கீழே நாற்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். எழுந்து உள்ளே போய்த் தன் கத்தியை எடுத்து வந்தார். நுனி வளைந்து, தீட்டித் தீட்டிப் பாதியாகிவிட்ட கத்தி.

"பட்டைய மட்டும் எடுக்கணும். மரத்தத் தொட்டா காயம். காயம்பட்ட எடத்துல முண்டு முண்டா வளரும், அப்புறம் அந்தப் பக்கம் கத்தி போகாது. மண்டோர் ஊசி வெச்சுக் குத்திப் பாப்பாரு, எவ்வளவு பட்ட மிச்சம் இருக்குன்னு. சில பேரு காயத்துல மண்ணு பூசி வெச்சிருப்பான்."

"அவருக்குத் தெரியாதா?"

"தெரியும்டா. மண்ண நகத்தால சுரண்டிட்டுத்தான் ஊசியக் குத்துவாரு."

கத்தியை என் கையில் கொடுத்தார். பிடி அவருடைய விரல்களுக்கு ஏற்றபடி பள்ளம் விழுந்திருந்தது.

5 செப்டம்பர், வியாழன்

தகடு வெட்டியாயிற்று. மூலைகளை வளைவாக வெட்டினார்கள். கூர்மையான மூலையில்தான் விரிசல் தொடங்கும். பக்கத்து டேங்கில் காற்றைச் சோதித்த பிறகே ஆள் இறங்கினான். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் இறங்கவே கூடாது. உள்ளே சூடு தாங்கவில்லை. வெல்டர் அரை மணிக்கொரு தடவை வெளியே வந்து தண்ணீர் குடித்தார். 7018 வெல்டிங் குச்சியைச் சூட்டுப் பெட்டியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுத்தார். குச்சி ஈரத்தை இழுத்தால் ஹைட்ரஜன் வெல்டிங் தையலுக்குள் போய் உட்காரும். இன்றைக்குத் தெரியாது, நாளைக்கு விரிசல்.

20 செப்டம்பர், வெள்ளி

தையலில் சோப்புத் தண்ணீர் பூசி, மேலே கண்ணாடிப் பெட்டியை வைத்துக் காற்றை உறிஞ்சிப் பார்த்தோம். ஒரு இடத்தில் குமிழி, குண்டூசித் தலை அளவு. தோண்டி மறுபடி அடித்தார்கள். புது ஜிங்க் கட்டிகளுக்குத் தம்பி தானே டேப் சுற்றினான், சாயம் படாமல் இருக்க. சாயம் காய்ந்ததும் ஒவ்வொரு டேப்பையும் தானே உரித்து எண்ணினான்.

24 செப்டம்பர், செவ்வாய்

கப்பல் இறங்கியது. முழுக்க மிதப்பதற்கு முன்னால் பாதியில் நிறுத்தி, உள்ளே போய் வால்வுகளையும் தையலையும் பார்ப்பது வழக்கம். நானும் தம்பியும் இயந்திர அறைக்குக் கீழே மண்டியிட்டோம். புதுத் தகட்டின் அந்தப் பக்கம் கடல். டார்ச் அடித்துப் பார்த்தோம், பிறகு காய்ந்த துணியால் தையலை ஓரம் விடாமல் துடைத்தேன். துணி காய்ந்தே இருந்தது. தம்பி தானும் ஒருமுறை துடைத்துப் பார்க்கிறேன் என்று துணியை வாங்கிக்கொண்டான்.