மூன்று கோதிக் நாவல், ஒரு பென்சில்

பேய்க்கதை படித்தால் எனக்குப் பயம் வராது, சிரிப்புதான் வரும். பாழடைந்த கோட்டை, மர்மம், திகில் என்று போகும் இந்தக் கோதிக் கதைகளை மட்டும் இத்தனை காலமாக விடாமல் படிக்கிறார்களே, அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க உட்கார்ந்தேன். திகில் தட்டுகிற இடத்தில் பக்க ஓரத்தில் பென்சில் கோடு போடுவது, அவ்வளவுதான் திட்டம்.

முதலில் ஹொரேஸ் வால்போலின் 'ஒட்ரான்டோ கோட்டை'. 1764-இல் வந்தபோது ஏதோ பழைய இத்தாலியக் கதையின் மொழிபெயர்ப்பு என்று புளுகியிருக்கிறார். அடுத்த வருஷம் இரண்டாம் பதிப்பில்தான் உண்மையை ஒப்புக்கொண்டு, 'கோதிக் கதை' என்று துணைத்தலைப்பும் வைத்தார். கல்யாண நாளன்று மாப்பிள்ளைப் பையன் ஒரு ராட்சசத் தலைக்கவசத்தின் அடியில் நசுங்கிக் கிடக்கிறான். எதிர்பார்த்த மாதிரியே சிரித்தேன். அப்புறம் அவன் அப்பா மான்ஃப்ரெட், இருக்கிற மனைவியைத் தள்ளிவிட்டு அந்த மணப்பெண்ணைத் தானே கட்டப் பார்க்கிறான். அவள் சுரங்க வழியில் ஓடுகிறாள், காற்றில் விளக்கு அணைகிறது. முதல் கோடு அங்கே விழுந்தது.

அடுத்து ஆன் ராட்கிளிஃபின் 'உடால்ஃபோ', 1794. இதில் பாதியிலேயே நின்றுவிட இருந்தேன். மலை, மாலை வெயில், நடுநடுவே கவிதை வேறு! கதாநாயகி எமிலி விலக்கிப் பார்த்து மயங்கி விழும் கருப்புத் திரை ரொம்பப் பிரபலம். அதன் பின்னால் இருந்தது மெழுகுப் பொம்மை என்று கடைசியில்தான் சொல்கிறார்கள். சரி, போகட்டும். என் கோடுகள் திரைப்பக்கம் இல்லை. அவள் படுக்கையறையில் ஒரு கதவு, அதற்குத் தாழ்ப்பாள் வெளியில்தான் இருக்கிறது. நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டுப் படுக்கிறாள். அத்தை புதிதாகக் கட்டிக்கொண்ட மான்டோனி என்பவனோ சொத்தை எழுதி வாங்கவே குறியாக இருக்கிறான்.

'டிராகுலா'வும் (1897) வீடு வாங்கும் பத்திர வேலையில்தான் தொடங்குகிறது என்பதை இத்தனை நாள் நான் கவனித்ததே இல்லை. ரத்தம் குடிப்பதற்கெல்லாம் நான் கோடு போடவில்லை. வக்கீல் ஹார்க்கர் கதவிடுக்கில் பார்க்கிறான்: டிராகுலா பிரபுவே சாப்பாட்டு மேசையைத் தயார் செய்துகொண்டிருக்கிறார். அப்படியென்றால் அத்தனை பெரிய கோட்டையில் வேலையாள் ஒருவர்கூட இல்லை. அந்த வரிக்கு இரட்டைக் கோடு.

இப்போது 'ஜேன் அயர்' தொடங்கியிருக்கிறேன். பத்து வயதுப் பெண்ணை, தாய்மாமா செத்த அறையில் தள்ளிப் பூட்டச் சொல்கிறாள் அத்தை. இன்னும் இரண்டாம் அத்தியாயமே முடியவில்லை, பென்சில் மழுங்கிவிட்டது.