கெணத்துமேட்டுக் குறிப்பு

ஜூலை 19
என்னைய பொண்ணு பாக்க வந்தவுக, ஆடி கழியட்டும், சொல்றோம்னுட்டு போயிட்டாக.

ஜூலை 21
கெணத்துக்கு மேல சாஞ்ச ஈச்சமரத்துல தூக்கணாங்குருவி கட்ட ஆரம்பிச்சிருச்சு. ஆண் தலையில மஞ்சள அப்பிவச்ச மாதிரி ஒரு நெறம். தென்னங்கீத்து ஓரத்த கொத்திக் கவ்விக்கிட்டு அப்படியே பறக்குது, நார் சர்ர்னு கிழிஞ்சு கூடவே வருது. பாதிக்கூடு கட்டி நிறுத்திரும், பொட்டை வந்து பாத்துப் புடிச்சாத்தான் வாசக்குழாய் எல்லாம்.

இங்க யாரு வந்து யாரப் பாத்தா.

ஜூலை 22
ஃபோன் வரல. அம்மா சார்ஜ்லயே போட்டு வச்சிருக்கு.

ஜூலை 27
தூக்கமில்ல. மயிலிறகப் பாத்தாலே எனக்கு கொமட்டுதுன்னு 1860ல ஆசா கிரேங்குற அமெரிக்க தாவரவியல்காரருக்கு லெட்டர் போட்டிருக்காரு டார்வின். உசுரு பொழைக்க உதவாத அம்புட்டு பாரம் எதுக்குன்னு மனுசனுக்கு வெளங்கல. 1871ல புத்தகமே போட்டுச் சொல்லிட்டாரு, பொட்டைக்கு ரசனை இருக்கு, அது ரசிச்சுப் பொறுக்குனதுதான் அந்தத் தோகைன்னு. அவர மாதிரியே பரிணாமத்தச் சொன்ன வாலஸ் இத ஒத்துக்கல, ஆணோட தெம்புதான் நெறமா வருதாம், பொட்டையாவது ரசிக்கிறதாவதுன்னு. சரியா எங்க பெரியத்தை மாதிரி.

அழகர்மலை மயிலு ரெண்டு இன்னைக்கும் கரும்புக்குள்ள.

ஜூலை 31
"கலர் கொஞ்சம் கம்மி." பாக்க வந்த அன்னைக்கு காப்பி டம்ளர கீழ வச்சுக்கிட்டே சொன்னாக.

ஆகஸ்ட் 3
ஆடி பதினெட்டு. ஒரு பொட்டை வந்துச்சு, அத்தன ஆணும் கூட்டுல தொங்கிக்கிட்டு றெக்கைய அடிச்சு ஒரே கத்தல். அது ஒரு கூட்டுக்குள்ள தலைய விட்டு, நார இழுத்துப் பாத்துட்டு பேசாம போயிருச்சு. பின்னல விட எடத்தத்தான் அது பெருசா பாக்குமாம், எம்புட்டு ஒசரம், முள்ளு மரமா, இப்படி. நாம வாயப் பொளந்து பாக்குற அழகு அதுக்கு ரெண்டாவதுதான் போல.

ரோட்டு மேல இருக்க எங்க நெலத்த அந்த மாமா அன்னைக்கு ரெண்டு தடவ கேட்டாரு. எத்தன சென்ட்டு, யாரு பேர்ல.

ஆகஸ்ட் 9
வேணாம்னு போன கூட்ட அப்படியே விட்டுட்டு பக்கத்துக் கெளையில புதுசு கட்டுது, கூச்சமே இல்ல. புடிச்சுப் போயி முட்டையிட்டா மட்டும் என்ன, அடைகாக்குறது பொட்டை தலையில, இவரு அடுத்த கூடு அடுத்த ஜோடின்னு கெளம்பிருவாரு. மதினிகிட்ட சொன்னேன், சிரிக்கவே இல்ல.

ஆகஸ்ட் 12
கலர் கம்மின்னா எதவிட கம்மி?

ஆகஸ்ட் 14
பாதிக்கூடு ஒண்ணு காத்துல விழுந்து கெடந்துச்சு. உள்ள களிமண்ணு காஞ்சு ஒட்டியிருக்கு. அதுல மின்மினிய ஒட்டி வெளக்கு வைக்கும்னு அப்பத்தா சொல்லும், மின்மினி ஒண்ணையும் காணோம். ஜன்னல்ல வச்சேன். ஆளில்லாத கூட்ட வீட்டுக்குள்ள வைக்கக்கூடாதுன்னு அம்மா கத்துது.