நொதிக்கும் கரும்புச்சாற்றில் ஓர் அகச்சிவப்பு சிப்

மொரீஷியஸில் கரும்பு வெட்டு ஜூனில் தொடங்கி டிசம்பரில் ஓய்ந்துவிடும். அதற்குள் ரம் ஆலையின் நொதிக்கும் தொட்டியில், சாராய அளவைச் சொல்லும் எங்கள் அகச்சிவப்பு உணரியைச் சோதித்துவிட வேண்டும். தவறினால் அடுத்த வெட்டுதான். ஆலை நம்பியிருந்தது, சாற்றின் அடர்த்தியை வைத்துச் சர்க்கரையைக் கணிக்கும் மிதவைமானியை. சாராயம் நீரைவிட இலேசானது என்பதால், நொதித்தல் முற்ற முற்ற அந்த மானி மிச்சமுள்ள சர்க்கரையைக் குறைத்தே காட்டும். நேரடியாக எத்தனாலையே, அதாவது சாராயத்தையே அளக்க, அது வலுவாக உறிஞ்சும் 9.6 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பு அலைநீளத்தைத் தேர்ந்தோம். 8 மைக்ரோமீட்டருக்கு மேல் சிலிக்கான் ஒளியை விழுங்கத் தொடங்குவதால், சிப்பில் ஒளியைக் கடத்திச் செல்லும் ஒளிப்பாதை ஜெர்மானியத்தில்.

வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2022இல் லேசர், ஒளிப்பாதை, வந்த ஒளியை அளக்கும் ஒளியுணரி மூன்றையும் ஒரே சிப்பில் அமைத்து, திரவத்தில் புரதத்தை அளந்து காட்டினார்கள். எங்களுடையது அவ்வளவு நேர்த்தியில்லை. சிப் மட்டும் விரல் நகமளவு. லேசரும் பம்பும் வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் மேசையை அடைத்துக்கொண்டன.

சிப்பின் மேற்பரப்பை ஒட்டிய சில மைக்ரோமீட்டர் திரவத்தை மட்டுமே ஒளி தொடுகிறது. நீர் இந்த ஒளியை வெகுவாக உறிஞ்சுவதால் அது நல்லதே; சாறு கலங்கலாக இருந்தாலும் பாதகமில்லை. ஆனால் ஒரு கரியமில வாயுக் குமிழி வந்து ஒட்டினால் போதும், அளவு சரிந்துவிடும். வெற்றிடத்தில் வாயுவை நீக்கலாம் என்றால் சாராயமும் சேர்ந்து போய்விடும். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் கேட்டார்: “சோடா புட்டியைத் திறக்கும்வரை குமிழி வருகிறதா, தம்பி?” சிப்பைத் தாண்டிய குழாயில் ஓர் ஊசி வால்வை வைத்து அழுத்தத்தை ஏற்றினோம். வாயு கரைந்தபடியே கடந்து போயிற்று.

சிப் உணரும் ஒளியைச் சாராய அளவாக மாற்றிச் சொல்லப் பழக்கும் அளவுத்திருத்தம்தான் உண்மையில் நாளைத் தின்றது. சர்க்கரையும் அதே அலைநீளப் பகுதியில் உறிஞ்சுகிறது. தொட்டியில் சர்க்கரை இறங்க இறங்கச் சாராயம் ஏறும். அந்த மாதிரிகளை மட்டும் வைத்துக் கணித்தால், கணினி சாராயத்தை அளக்கிறதா, சர்க்கரையின் சரிவை அளக்கிறதா என்று பிரித்தறிய வழியில்லை. எண் என்னவோ அழகாகத்தான் பொருந்தும். ஆகவே சர்க்கரை மிகுந்து சாராயமும் மிகுந்த கலவை, இரண்டும் குறைந்த கலவை எனத் தொட்டியில் ஒருபோதும் நேராதவற்றைக் கையால் கலந்து சேர்த்தோம். பிறகு வந்த அளவுகள் காய்ச்சி வடித்துப் பார்த்த அளவுகளோடு ஒத்துப்போயின.

சிப்பில் ஈஸ்ட் படிவதைத் தடுக்க முடியவில்லை. தொட்டி மாற்றும்போதெல்லாம் வெந்நீரால் கழுவுகிறோம். எத்தனாலால் கழுவினால் சுத்தமாகத்தான் போகும். ஆனால் துளி மிச்சமிருந்தாலும் வெறும் தண்ணீருக்கே போதை ஏறியதாகக் காட்டும்.