தன்னார்வலர்கள் வரும் முன்னால்: ம்வான்சாவில் ஒரு குழந்தைகள் இல்லத்தைத் தயார் செய்த கதை

தான்சானியாவில், விக்டோரியா ஏரியின் தென்கரையில் இருக்கும் ம்வான்சா நகரத்துக்கு வெளியே ஒரு மிஷன் குழந்தைகள் இல்லத்தில் நிர்வாகமும் கணக்கும் பார்க்கிறேன். போன ஆகஸ்டில் ஜெர்மனியிலிருந்து ஒரு இளைஞர் குழு வந்து தங்கிப் போனது, அதற்கான ஏற்பாடு முழுக்க என் தலையில்தான் விழுந்தது. இதே வேலையில் மாட்டிக்கொள்ளப் போகிறவர்கள் யாராவது இருந்தால் உதவுமே என்று எழுதுகிறேன்.

முதல் தலைவலி அனுமதி. சம்பளம் வாங்காவிட்டாலும் வேலை வேலைதான், சுற்றுலா விசாவில் வந்து செய்யக்கூடாது. நீண்ட நாள் தங்கும் தன்னார்வலர்களுக்கு சி வகைக் குடியிருப்பு அனுமதி, குறுகிய காலத்துக்குத் தனி பாஸ். "சும்மா குழந்தைகளோடு விளையாடத்தானே வருகிறோம், இதற்கெல்லாமா?" என்று சிலர் கேட்டார்கள். பிடிபட்டால் அவர்கள் விமானம் ஏறிப் போய்விடுவார்கள், அதிகாரிகளுக்குப் பதில் சொல்லப்போவது இல்லம்தான் என்று எழுதின பிறகு பேச்சு நின்றது.

அப்புறம் டிக்கெட். ஐரோப்பாவிலிருந்து நேராக வந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பதில்லை, ஆனால் அந்த நோய் உள்ள நாடு ஒன்றின் விமான நிலையத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்துவிட்டு வந்தால் கேட்பார்கள். விலை மலிவு என்று அடிஸ் அபாபாவில் ராத்திரி முழுக்கக் காத்திருக்கும் டிக்கெட்டைப் போட்டிருந்தார்கள் இரண்டு பேர். ஊசி போட்டுக்கொண்டுதான் வந்தார்கள்.

தங்கும் இடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பழைய கொசுவலைகளை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை பார்த்தோம், மழைநீர்த் தொட்டியைக் கழுவினோம், குடிக்கக் காய்ச்சின தண்ணீர், மின்சாரத்துக்கு லூகு மீட்டரில் முன்கூட்டியே பணம். மலேரியா உள்ள பகுதி என்பதால் காய்ச்சல் வந்தால் அன்றே பரிசோதனை, நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே இல்லை. ஏரியில் குளிக்கக்கூடாது என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. தண்ணீர் பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் அதில் உள்ள நத்தைகள் வழியாகப் பரவும் பில்ஹார்சியா புழு தோலைத் துளைத்து உடம்புக்குள் போகும். சாப்பாடு குழந்தைகளுக்கு என்னவோ அதுவேதான்: காலையில் ஊஜி, அதாவது நம்ம ஊர்க் கூழ் மாதிரி ஒன்று, மற்ற வேளைக்கு உகாலி என்கிற மக்காச்சோள மாவுக் களி, பீன்ஸ், கீரை, சில நாள் தாகா என்கிற ஏரிப் பொடிமீன். தனிச் சமையல் கிடையாது என்று முதலிலேயே எழுதிவிட்டோம்.

நேரக் கணக்கையும் எழுதிக் கொடுத்தேன். சுவாஹிலியில் மணி சூரிய உதயத்திலிருந்து ஓடுகிறது, இரண்டு மணி என்றால் காலை எட்டு. பஜாஜி ஓட்டுநரிடம் (ஆமாம், நம்ம ஆட்டோதான், இங்கே கம்பெனி பெயரே வண்டிக்குப் பெயராகிவிட்டது) நேரம் பேசுகிறபோது எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்ளாவிட்டால் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

இதெல்லாம் பட்டியல் போட்டால் முடிந்துவிடும் வேலை. உண்மையான வேலை வேறே. வருகிறவர்கள் என்ன செய்யப் போகிறார்கள்? அவர்கள் அனுப்பின திட்டத்தில் பாதி நாள் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என்று இருந்தது. அதை எங்கள் மூத்த பராமரிப்பாளர் மாமாவிடம் (இங்கே மாமா என்றால் அம்மா) படித்துக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. "தூக்கிக் கொஞ்சட்டும். போன பிறகு ராத்திரி அழுகிற பிள்ளையை யார் தூங்க வைப்பது? நான்தானே?" என்றார். அன்றைக்கே அந்தத் திட்டத்தைத் தூக்கிப் போட்டோம். சில வாரத்தில் போய்விடப் போகிறவர்கள் மேல் குழந்தைகள் பாசம் வைப்பதும், அவர்கள் போவதும், அடுத்த குழு வருவதும், மறுபடியும் போவதும் குழந்தைகளைக் கெடுக்கும் என்று குழந்தை நல ஆட்கள் ரொம்ப நாளாகச் சொல்லி வருகிறார்கள். 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமே இந்த அனாதை இல்லத் தன்னார்வப் பயணங்களின் தீங்கைக் குறிப்பிட்டது. அதோடு எங்கள் பிள்ளைகளில் பல பேருக்குப் பெற்றோரில் ஒருவரோ ஒரு பாட்டியோ இருக்கிறார்கள், வறுமையால்தான் இங்கே இருக்கிறார்கள். 'அனாதைகளுக்கு அன்பு' என்று அச்சடித்த டீஷர்ட்டைப் போட்டுக்கொண்டு அவர்கள் முன்னால் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. போடாதீர்கள் என்றே எழுதினேன்.

விதிகள் இப்படி ஆயின. சின்னக் குழந்தைகள் அறைக்குள் வேலை இல்லை. எந்தக் குழந்தையோடும் தனியாக இருக்கக்கூடாது. முகம் தெரியும் படம் வெளியே போகக்கூடாது. குழந்தைகளோடு வேலை செய்பவர்களுக்கென்று ஜெர்மனியில் கொடுக்கும் விரிவான போலீஸ் சான்றிதழ் இல்லாதவருக்கு இடமில்லை. பெட்டி நிறைய பொம்மை வேண்டாம், அந்தப் பணத்தில் ம்வான்சா தையல்காரரிடம் பள்ளிச் சீருடை தைத்துக்கொள்கிறோம்.

அப்படியானால் என்னதான் செய்வது? ஆகஸ்டில் பள்ளி நடக்கிறது, காலை முழுக்கப் பெரிய பிள்ளைகள் யாரும் இல்லத்தில் இல்லை. சுவருக்கு வண்ணம் அடிக்கிறோம் என்றார்கள். அடிக்கலாம், ஆனால் ஊரில் ஃபுண்டிகள், அதாவது கைவேலைக்காரர்கள், கூலி இல்லாமல் உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் வேலையை இலவசமாகச் செய்வது என்ன நியாயம்? கடைசியில் ஃபுண்டி இருவருக்குக் கூலி கொடுத்தோம், வந்தவர்கள் சித்தாள். மேஸ்திரி அவர்களை நன்றாக வேலை வாங்கினார். குழுவில் செவிலியர் ஒருத்தி இருந்தாள், அவள் மாமாக்களுக்கு முதலுதவி சொல்லிக் கொடுத்தாள். அது மட்டும்தான் அவர்கள் போன பிறகும் இங்கே தங்கிய வேலை என்பேன். சாயங்காலம் எல்லோரும் மைதானத்தில் கால்பந்து.

விமானக் காசை அப்படியே அனுப்பியிருந்தால் இன்னும் பிரயோஜனமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் ஒருமுறை வந்து பார்த்தவர்கள்தான் வருஷக்கணக்கில் அனுப்புகிறார்கள் என்று என் கணக்குப் புத்தகமே சொல்கிறது, அதனால் வராதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த முறை வந்த பணத்தில் முதல் செலவு பஸ் கட்டணம், டிசம்பர் விடுமுறைக்குப் பிள்ளைகளை அவரவர் பாட்டி வீட்டுக்கு அனுப்ப. இன்னொரு குழு கிறிஸ்துமஸுக்கு வரலாமா என்று கேட்டது. அப்போது பாதிப் பிள்ளைகள் ஊரில் இருக்க மாட்டார்கள், வருவதானால் ஜூலையில் மேஸ்திரிக்குச் சித்தாளாக வாருங்கள், டிக்கெட் போடும் முன்னால் போலீஸ் சான்றிதழை அனுப்புங்கள் என்று பதில் போட்டிருக்கிறேன்.