பியானோ கிரேடு தேர்வுக்கு எந்தப் பதிப்பை நம்புவது?

கிரேடு தேர்வுகளை நடத்தும் டிரினிட்டி வாரியத்தின் பியானோ பாடத்திட்டத்தில் பலர் கவனிக்காமல் தாண்டிப்போகும் வரி ஒன்று உண்டு. பாடலை நம்பகமான எந்த இசைத்தாள் பதிப்பிலிருந்தும் வாசிக்கலாம், ஆனால் சுருக்கியதோ எளிமையாக்கியதோ கூடாது என்கிறது அது. எது நம்பகமானது என்று கண்டுபிடிப்பது நம் பொறுப்பு. கிரேடுகளை ஒவ்வொன்றாக முடித்து வந்ததில் எனக்குத் தெளிவானதை, இப்போது தயாராகிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

இசையமைப்பாளர் பாக்கிலிருந்து தொடங்கலாம். அவருடைய 'வெல் டெம்பர்ட் கிளேவியர்' என்ற கீபோர்ட் இசைத் தொகுப்பின் முதல் தொகுதியில் முதலில் வரும் சி மேஜர் பிரிலூட் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு பதிப்பைக் கையில் எடுத்தால் நேராக 22ஆவது பாருக்கு (இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே இருக்கும் பகுதிக்கு) போங்கள். இடது கையில் அடியில் எஃப் ஷார்ப் இருக்கும். அடுத்த பாரிலேயே ஏ ஃப்ளாட் வர வேண்டும். நடுவில் ஜி அடிச்சுரத்தோடு ஒரு பார் நுழைந்திருந்தால், அது பாக் எழுதியதல்ல. ஷ்வெங்கே என்பவர் 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் எடுத்த பிரதியிலிருந்து கிளம்பி, பல பழைய அச்சுப் பதிப்புகளில் புகுந்துவிட்ட பார் அது. பாக்கின் கையெழுத்தில் மொத்தம் 35 பார். இந்தப் பதிப்புகளில் 36. இந்த பிரிலூடின் மேல் குனோ மெட்டமைத்த 'ஆவே மரியா'வும் இந்தக் கூடுதல் பாரோடுதான் இருக்கிறது. அதனால் அது காதுக்குப் பழகி, சரியானது போலவே ஒலிக்கும். எண்ணிப் பார்த்தால்தான் பிடிபடும்.

சுரங்கள் சரியாக இருந்தாலும் குறியீடுகள் விஷயம் தனி. அந்த பிரிலூடில் பாக் கிரெசெண்டோ (ஒலியைப் படிப்படியாகக் கூட்டும் குறி) எதுவும் எழுதவில்லை, நீளமான ஸ்லர்களும் (சுரங்களை இணைத்து வாசிக்கச் சொல்லும் வளைகோடுகள்) போடவில்லை. 1837இல் வந்த, பெத்தோவனின் மாணவர் செர்னியின் பதிப்பிலோ எல்லாம் உண்டு. பெத்தோவன் வாசித்துக் கேட்ட நினைவையும் துணையாகக் கொண்டே அவற்றை எழுதியதாகச் செர்னி முன்னுரையில் சொல்கிறார். அந்தக் காலத்தில் பாக்கை எப்படி வாசித்தார்கள் என்று அறிய அது அருமையான சாட்சி. ஆனால் பாக் எழுதியது எது, செர்னி சேர்த்தது எது என்று பக்கத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது. எனக்கு இதுதான் பெரிய குறை. பதிப்பாசிரியர் தன் கருத்தைச் சேர்க்கட்டும், தப்பில்லை. அது அவருடையது என்று தெரிகிற மாதிரி சேர்க்க வேண்டும்: சதுர அடைப்புக்குறிக்குள், சிறிய எழுத்தில், புள்ளிக்கோட்டு ஸ்லராக.

அந்த ஒழுங்கோடு, இசையமைப்பாளர் எழுதியதையே மூலப் பிரதிகளிலிருந்து தர முயல்பவைதான் உர்டெக்ஸ்ட் பதிப்புகள். 1948இல் தொடங்கிய ஹென்லேயின் நீல அட்டைப் புத்தகங்கள், பேரன்ரைட்டர், வீனர் உர்டெக்ஸ்ட் மூன்றையும் தயங்காமல் வாங்கலாம். விலை கூடுதல்தான்; அதனால் தேர்வுக்கான பாடல் இருக்கும் தொகுதியை மட்டும் வாங்கினால் போதும். அட்டையில் 'உர்டெக்ஸ்ட்' என்று போட்டிருந்தாலும் உள்ளே பாருங்கள். எந்தக் கையெழுத்துப் பிரதி, எந்த முதல் அச்சு என்று முன்னுரையிலோ பின்குறிப்பிலோ சொல்லியிருக்க வேண்டும். அப்புறம், இவற்றில் இருக்கும் விரல் எண்களில் பெரும்பாலானவை இசையமைப்பாளருடையவை அல்ல. ஒரு பியானோ கலைஞர் தன் கைக்கு ஏற்றபடி எழுதியவை அவை. உங்கள் கை சின்னதாக இருந்தால் டீச்சரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

பதிப்பு வெளிவந்த ஆண்டையும் பாருங்கள். மொசார்ட்டின் ஏ மேஜர் சொனாட்டா, கே. 331, 'துருக்கிய மார்ச்' வருவது. அதன் கையெழுத்துத் தாள்கள் நான்கு பக்கங்கள் 2014இல் புடாபெஸ்ட் நூலகத்தில் கிடைத்தன. நாம் வாசித்துவந்ததற்கும் அவற்றுக்கும் சில இடங்களில் வித்தியாசம் இருந்தது. அதற்கு முன் அச்சான நல்ல உர்டெக்ஸ்டிலும் அந்தத் திருத்தங்கள் இருக்க வழியில்லை.

ஷோபான் விஷயத்தில் ஒரே சரியான பிரதி என்று தேடவே வேண்டாம். அவர் பல படைப்புகளை பிரான்ஸ், ஜெர்மனி, இங்கிலாந்து மூன்று நாட்டுப் பதிப்பகங்களுக்கும் தனித்தனியாகக் கொடுத்தார்; மூன்றிலும் சின்னச் சின்ன வேறுபாடுகள். மாணவர்களின் புத்தகங்களிலும் பென்சிலால் மாற்றி எழுதியிருக்கிறார். யான் எக்கியர் பதிப்பித்த போலந்து தேசியப் பதிப்பு இந்த மாற்று வடிவங்களை எடுத்துக்காட்டுகிறது. உயர் கிரேடுக்கு ஒரு நாக்டர்ன் எடுப்பவர்களுக்கு என் பரிந்துரை அதுதான்.

பணம் இடிக்கிறதா? இசைத்தாள்களை இலவசமாகத் தரும் ஐஎம்எஸ்எல்பி (IMSLP) இணையதளம் இருக்கிறது. அங்கே ஒரே பாடலுக்குப் பத்துப் பதினைந்து ஸ்கேன் கிடக்கும். மேலே இருப்பதை டவுன்லோட் செய்துவிடாதீர்கள். ஒவ்வொன்றின் கீழும் பதிப்பாசிரியர் பெயரும் ஆண்டும் இருக்கும். பாக் என்றால், பாக் கெசல்ஷாஃப்ட் என்ற சங்கம் 1851 முதல் 1899 வரை வெளியிட்ட முழுத்தொகுப்பைத் தேடுங்கள். காப்புரிமை முடிந்தது, பக்கங்களும் சுத்தமாக இருக்கும். டவுன்லோட் செய்த தாளையோ ஜெராக்ஸையோ தேர்வறைக்குள் கொண்டுபோவதற்கு வாரியத்துக்கு வாரியம் விதி வேறு. விண்ணப்பிக்கும் முன்பே அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.