டிராயிங் மாஸ்டர்: ஜூலை மாத நாட்குறிப்பு

2024 ஜூலை 3, புதன்

நண்பனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து இன்று வீடு திரும்பினேன். ஊரில் அவனை டிராயிங் மாஸ்டர் என்றே அழைத்தார்கள். அவன் எழும்பூர் கவின் கலைக் கல்லூரியில் படித்த ஓவியன் என்பது பந்தலில் இருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய அந்த இடத்தில், 1970களில், சிற்பி எஸ். தனபால் முதல்வராக இருந்தபோது அவன் சேர்ந்தான். நான் அப்போது பக்கத்திலேயே ஓர் அலுவலகத்தில் எழுத்தர். மாலையில் பேருந்துக் காசை மிச்சம் பிடித்து, இருவரும் கடற்கரை வரை நடப்போம்.

ஜூலை 5, வெள்ளி

மெரினாவில் உழைப்பாளர் சிலையின் எதிரே உட்கார்ந்துதான் அவன் கோட்டுப் பயிற்சி செய்வான். அந்தச் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, 1929இல் அவனது கல்லூரியின் தலைமைப் பொறுப்பேற்ற முதல் இந்தியர். பாறையை நெம்பும் நால்வரை வரையாமல், அவர்களின் கால்களுக்கும் கடப்பாரைகளுக்கும் நடுவே தெரியும் வானத்துண்டுகளை மட்டும் அவன் வரைந்துகொண்டிருந்ததைக் கண்டு, "ஆளை விட்டுட்டு ஓட்டையைப் போடுறியே" என்று கேலி செய்தேன். தாளைத் திருப்பிக் காட்டினான். ஓட்டைகளுக்கு நடுவே நால்வரும் நின்றிருந்தார்கள்.

ஜூலை 9, செவ்வாய்

பிறகு பள்ளியில், இடைவெளியை வரையும் இந்த முறையையே மரநாற்காலியை மேசைமேல் ஏற்றி வைத்துக் கற்பித்தான். பிள்ளைகளின் தாளில் அவன் பென்சில் பட்டதே இல்லை. திருத்தம் சொல்ல வேண்டுமானால், தனியாக ஒரு துண்டுக் காகிதத்தில் வரைந்து காட்டிவிட்டுக் கிழித்துப் போடுவான். லோயர் கிரேடு ஓவியத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ய இந்த முறை ஆகாது என்று நானே அவனிடம் வாதாடியிருக்கிறேன்.

ஜூலை 14, ஞாயிறு

எழுதத் தயங்கியதை இன்று எழுதிவிடுகிறேன். 1989இல் அப்பா இறந்தபோது, ஒரு பாஸ்போர்ட் அளவுப் படத்தைக் கொடுத்து எண்ணெய் வண்ணத்தில் உருவப்படம் கேட்டேன். ஒரு மாதம் உழைத்துக் கொண்டுவந்தான். இடப்புருவம் ஏறியும் வலப்புருவம் இறங்கியும் இருந்த அந்த முகத்தைப் பார்த்து, "இது உங்க அப்பா இல்லடா" என்று அம்மா சொல்லிவிட்டாள். நான் ஸ்டுடியோவில் பெரிதாக்கிய புகைப்படத்தைக் கூடத்தில் மாட்டிவிட்டு, ஓவியத்தை பீரோவுக்குப் பின்னால் செருகினேன். அடுத்த முறை வந்தவன் சுவரைப் பார்த்தான், காப்பியைக் குடித்தான், மழையைப் பற்றிப் பேசினான். முப்பத்தைந்து ஆண்டுகளில் ஒருமுறைகூட அதைக் கேட்கவில்லை. கேட்டுச் சண்டை போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிராது.

இன்று அதை வெளியே எடுத்துத் தூசி தட்டினேன். மளிகைக் கடையில் கணக்கு நோட்டைப் புரட்டியபடி, "போன மாசப் பாக்கி?" என்று கேட்கும்போது அப்பாவின் இடப்புருவம் அப்படித்தான் ஏறும். வீட்டிலிருந்த எங்களுக்கு அந்த முகம் அதிகம் பழக்கமில்லை. கடன் சொல்லிச் சாமான் வாங்கிய அவனுக்கு நன்றாகத் தெரியும்.

ஜூலை 16, செவ்வாய்

சட்டம் போடும் கடைக்கு ஓவியத்தை எடுத்துச் சென்றேன். கடைப் பையன் கண்ணாடிக்கு அளவெடுக்க ஆரம்பித்தான். எண்ணெய் வண்ணப் படத்துக்குக் கண்ணாடி தேவையில்லை என்று நண்பன் எப்போதோ சொன்னது நினைவுக்கு வர, வெறும் தேக்குச் சட்டம் போதும் என்றேன். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறான்.