நீலகிரிச் சரிவும் ஒரு பூஜ்ஜியமும்

ஜூன் 3, இரவு

நீலகிரியின் சரிவை நாலு வகையாகப் பிரிக்க உட்கார்ந்தேன். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு. ஊட்டியும் கோத்தகிரியும் ஒரே கோப்பில் அடங்கிவிடுகின்றன. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் சரிவைக் கணக்கிட்டால் எங்கு பார்த்தாலும் 89 டிகிரி, ஊட்டி குதிரைப் பந்தய மைதானம்கூட செங்குத்துச் சுவராம்! பக்கவாட்டு அளவு டிகிரியில், உயரம் மீட்டரில், அப்புறம் எப்படி ஒத்துவரும். பக்கவாட்டையும் மீட்டரில் அளக்கும் யுடிஎம் 43 வடக்கு என்ற வரைபட அமைப்புக்கு மாற்றினேன், மலை மலையாக வந்தது.

ஜூன் 4

அட்டவணை வைத்து மறுவகைப்படுத்தினேன். 0–15 என்றால் 1, 16–25 என்றால் 2, 26–35 என்றால் 3, அதற்கு மேல் 4. படம் முழுக்க அம்மைத் தழும்பு போலப் புள்ளிகள். ஒன்றைச் சொடுக்கினேன்: 15.43. சரிதான், 15க்கும் 16க்கும் நடுவே இருப்பதற்கு நான் இடமே வைக்கவில்லை, எந்த வரிசையிலும் சேராத பிக்சலை இந்தக் கருவி அப்படியே பழைய மதிப்போடு விட்டுவிடுகிறது, பிழை என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. பொருந்தாததை நோடேட்டா (தரவு இல்லாத வெற்றிடம்) ஆக்கு என்று ஒரு பெட்டி உண்டு, அதை டிக் செய்திருந்தால் ஓட்டைகளாவது பளிச்சென்று தெரிந்திருக்கும். 0–15, 15–25, 25–35 என்று மாற்றினேன். கீழ் எல்லை சேராது, மேல் எல்லை சேரும் என்பதுதான் இயல்பு அமைப்பு, அதனால் 15 இரண்டு பக்கமும் விழாது.

ஜூன் 5

பைக்காரா, அப்பர் பவானி நீர்த்தேக்கங்கள் ஐந்தாவது வகையாக நிற்கின்றன. எஸ்ஆர்டிஎம்மில் பெரிய ஏரிகளை ஒரே மட்டமாகத் தட்டியிருப்பதால் அங்கே சரிவு துல்லியமாக 0. கீழ் எல்லை சேராதே! முதல் வரியை -1 என்று தொடங்கினேன், தீர்ந்தது. பூஜ்ஜியத்தையே தண்ணீர் என்று தனியே எடுத்துவிடலாமா என்று ஓர் ஆசை வந்தது, ஆனால் பள்ளத்தாக்கில் அங்கங்கே உலர்ந்த நிலமும் 0தான், விட்டுவிட்டேன்.

ஜூன் 8

இதையே கிராஸ் என்ற இன்னொரு வரைபட மென்பொருளில் செய்து பார்த்தேன். அதில் வகைப்படுத்தும் கட்டளையான ஆர்.ரீகிளாஸ் தசமத்தை வெட்டிவிட்டு முழு எண்ணைத்தான் பார்க்கும், 15.9ம் அதற்கு 15தான், தசமத்துக்கு ஆர்.ரீகோட் என்ற வேறு கட்டளை. இடம் மிச்சமாகட்டும் என்று, ரீகிளாஸ் செய்த படத்தை வைத்துக்கொண்டு மூலப்படத்தை அழிக்கப் போனேன், மறுத்துவிட்டது. புதுப் படம் என்று நான் நினைத்தது வெறும் அட்டவணை, பிக்சல் எல்லாம் இன்னும் பழையதில்தான் இருக்கின்றன.